வாசகர் கேள்வி–பதில்: மீதமுள்ள நாளுக்கு ஏற்ற விதை

இந்த மாதம் வந்த கடிதங்களை அடுக்கி வைத்துப் படித்தபோது, காவிரிப் படுகையின் நான்கு ஊர்களிலிருந்து வந்த நான்கு கடிதங்கள் ஏறக்குறைய ஒரே கவலையைச் சொல்வதைக் கண்டேன். எழுதியவர்களின் வயது வேறு, நிலைமை வேறு. ஆனால், முன்பு எடுத்த ஒரு முடிவோ எடுக்காமல் விட்ட ஒரு முடிவோ இனிவரும் காலத்தை எவ்வளவு சுருக்கியிருக்கிறது என்பதே நால்வரின் கேள்வியும். ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இவை நான்குக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். பெயர்களை அவரவர் விருப்பப்படி தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. இயந்திரவியல் டிப்ளமோ முடித்த கையோடு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சேர வேண்டிய நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் அப்போதே சிங்கப்பூரில் இருந்தார். தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். "ஆறு மாதம் மட்டும் பார்த்துக்கொள், பிறகு போகலாம்" என்று அம்மா சொன்னார்கள். பதினைந்து மா (ஏறக்குறைய ஐந்து ஏக்கர்) நிலத்தையும் அன்றைக்கு ஏற்றுக்கொண்டேன். இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்பா இப்போது இல்லை. தம்பி கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். இனி எனக்கு வேறு வழியே இல்லை என்ற எண்ணம் இரவில் தூங்க விடுவதில்லை. அன்று நான் எடுத்தது தவறான முடிவா? இந்த வயதில் எனக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?
– பெயர் வேண்டாம், குடவாசல் வட்டம்

பதில்: தந்தை படுக்கையில் விழுந்த வாரத்தில் வீட்டில் இருந்த ஒரே வளர்ந்த பிள்ளை அவரோடு தங்கியதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது, உங்கள் மனமும் அப்படிச் சொல்ல வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது வேறொன்று. ஓசூருக்குப் போகாத அந்த நாளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொன்ன ஆறு மாதம் முடிந்த நாளில் என்ன நடந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத எதுவும் இருந்திருக்காது என்பதுதான் காரணமாக இருக்கும். நடவு முடிந்திருக்கும், அறுவடை வரை இருந்துவிடலாம் என்று தோன்றியிருக்கும். பிறகு ஆழ்துளைக் கிணற்றுக்காக வைத்த நகைக்கடன் தீரட்டும் என்று இரண்டு ஆண்டுகள் போயிருக்கும். பிறகு திருமணம், குழந்தை, அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை. வேலையை விட்டது ஒரு நாளில் நடந்தது. ஊரைவிட்டுக் கிளம்ப முடியாத நிலை வந்தது இருபது சிறிய சம்மதங்களால். அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் முடிவு என்று எண்ணியிருக்க மாட்டீர்கள். நடுத்தர வயதில் வழி குறுகிப்போனதாக வருந்துகிற பெரும்பாலோருக்கு நடந்திருப்பது இதுதான். எனவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒரு நாளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை விட்டுவிடுங்கள். அந்த நாளுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். இதை உங்களுக்கு நான் கற்றுத் தர வேண்டியதில்லை; வயலில் ஆண்டுதோறும் நீங்களே செய்வதை நினைவூட்டினால் போதும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை, பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. 2012-இல் செப்டம்பர் 17, 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2 என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. குறுவை கைவிட்டுப் போன அந்த ஆண்டுகளில் சம்பாவுக்கும் நாள் போதவில்லை. ஆகஸ்டில் நாற்று விட வேண்டிய சி.ஆர்.1009 ஏறக்குறைய 155 நாளுக்கு மேல் நிற்கும் ரகம். அதை அக்டோபரில் விட்டால் தை மாதக் கடைசியில் பூ எடுக்கும்; அணையை மூடுவதோ வழக்கப்படி ஜனவரி 28. கதிர் பால் பிடிக்கும்போது வாய்க்காலில் ஈரம்கூட இருக்காது. ஆகவே என்ன செய்தோம்? ஜனவரி 28-இலிருந்து பின்னோக்கி நாளை எண்ணினோம். 135 நாள் ரகத்துக்கு இடம் இருக்கிறதா, இல்லையென்றால் ஆடுதுறை 39, அதற்கும் இல்லையென்றால் 110 நாளில் வரும் ஆடுதுறை 36 என்று இறங்கி வந்தோம். ஆகஸ்டு போய்விட்டதே என்ற ஏக்கத்தில் அக்டோபரில் நெடுநாள் ரகத்தை விதைத்தவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நெடுநாள் ரகம் போடமுடியவில்லை என்பதற்காக, ஈரம் இருந்த வயலைத் தரிசாகப் போட்டவரும் இல்லை. வயலில் இவ்வளவு தெளிவாகக் கணக்குப் பார்க்கிற நீங்கள், உங்கள் வாழ்நாளுக்கு மட்டும் போன ஆகஸ்டையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

எவையெல்லாம் உண்மையிலேயே முடிந்துபோயின என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் தொடக்கநிலைப் பயிற்சியாளராகச் சேருவது இனி நடக்காது. அடல் ஓய்வூதியத் திட்டத்திலும், 2019-இல் தொடங்கிய சிறு குறு விவசாயிகளுக்கான பிரதமர் கிசான் மான்தன் திட்டத்திலும் 18 முதல் 40 வயது வரைதான் சேர முடியும். அந்த எல்லையையும் நீங்கள் கடந்துவிட்டீர்கள். இதை நோகடிக்கச் சொல்லவில்லை. அந்த நாள் கடந்தது உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கும், தேதி உள்ள வாய்ப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் சத்தமில்லாமல் போகின்றன என்பதற்காகச் சொல்கிறேன். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நாற்பதைக் கடந்தவர்களும் சேரலாம். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆனால், இருபத்தைந்து ஆண்டுகள் வெறுமனே கழியவில்லை. ஓசூருக்குப் போயிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்காத ஒன்று இன்று உங்கள் கையில் இருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பெய்து, செயின் வண்டி (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) சேற்றில் புதைந்து நிற்கும் வயலை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! வெளி மாவட்டத்திலிருந்து வந்த வண்டி. பழுது பார்ப்பவர் வந்து சேர ஒரு நாள் ஆகும். அதற்குள் சாய்ந்த கதிர் தண்ணீரில் முளைவிட்டுவிடும். இயந்திரத்தைப் படித்தவருக்கு நம் சேறு தெரியாது, சேற்றை அறிந்தவருக்கு இயந்திரப் படிப்பு இருக்காது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது உங்கள் வட்டாரத்தில் எத்தனை பேரிடம் என்று எண்ணிப் பாருங்கள். வாடகை இயந்திர மையம் வைக்க வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. நடவு இயந்திரத்தையும் அறுவடை இயந்திரத்தையும் பழுதுபார்க்கத் தெரிந்த விவசாயி அதை நடத்தினால் அந்த மையம் ஓராண்டில் மூடப்படாது. இன்னொன்றும் தோன்றுகிறது. பதினைந்து மாவில் ஐந்து மாவை விதைப்பண்ணையாக மாற்றலாம். ஆதார விதை வாங்கி, விதைச்சான்றுத் துறையில் பதிவு செய்து, பக்கத்து வயலுக்கும் உங்கள் வயலுக்கும் 3 மீட்டர் இடைவெளி விட்டு, பூக்கும்போதும் முதிரும்போதும் வயலில் இறங்கிக் கலவன் (கலந்து முளைத்த வேற்று ரகச் செடி) நீக்கி, 80 விழுக்காடு முளைப்புத்திறன் தேறினால் நீல நிறச் சான்றட்டையோடு விதையாக விற்கலாம். கலவனைக் கண்ணால் கண்டறிவதற்கு இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் வேண்டும். இருபத்தொரு வயதில் உங்களுக்கு இந்த வழி இருந்திருக்காது.

இவை எல்லாவற்றையும்விட முதன்மையாக நான் கருதுவது ஒன்று உண்டு, அதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. அந்தப் பதினைந்து மா யார் பெயரில் இருக்கிறது? அப்பாவின் பெயரிலேயே பட்டா நிற்கிறதென்றால், அல்லது கூட்டுப்பட்டாவாக இருக்கிறதென்றால், இருபத்தைந்து ஆண்டுகள் உழுதவர் நீங்களே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் பங்காளிகளில் ஒருவர் மட்டுமே. பண்ணை வைக்கவும், கடன் வாங்கவும், அறுபது வயதில் உழைப்பைக் குறைத்துக்கொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விடவும் எல்லோருடைய கையெழுத்தும் தேவைப்படும். உங்கள் வழி குறுகியிருப்பதற்கு உண்மையான காரணம் ஓசூர் இல்லை, இந்தப் பிரிக்கப்படாத நிலம்தான் என்று நினைக்கிறேன். அண்ணனும் தம்பியும் உங்கள்மேல் அன்போடு இருக்கும் இந்த நாளிலேயே பாகப்பிரிவினை பேசுங்கள். சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களை விட்டுவிட்டு எழுதும் பத்திரம் பின்னால் வழக்காகும். நீங்கள் ஆண்டுக்கணக்கில் நிலத்தைக் காத்ததற்குக் கூடுதலாக ஒரு பங்கு கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. கேட்டால் அது பேராசை ஆகாது.

என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முப்பத்தொன்றாம் வயதில் என் பங்கு நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் வீடு கட்டியவன் நான். அந்த வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அது எனக்குக் குறையொன்றும் வைக்கவில்லை. ஆனால், பணி ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் நிலமாவது உழ வேண்டும் என்று ஆசை வந்தபோது, விற்ற நிலத்தின் வரப்பில் போய் நின்றேன். அங்கே மனைப் பிரிவுக் கற்கள் நட்டிருந்தார்கள். நீங்கள் தங்கியதனால் அந்த வழி உங்களிடம் இன்னும் இருக்கிறது.

கேள்வி: நான் 27 வயதுப் பெண். பட்டப்படிப்பு முடித்ததிலிருந்து போட்டித் தேர்வுகளுக்குப் படித்து வருகிறேன். இரண்டு முறை சில மதிப்பெண்களில் தவறியது. இடையில் கும்பகோணத்தில் ஒரு கணக்கர் வேலையும், தஞ்சையில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலையும் வந்தன. தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்காது என்று மறுத்துவிட்டேன். வரன் பார்ப்பதையும் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். எதையும் இப்போதே முடிவு செய்து மாட்டிக்கொள்ளாமல் எல்லா வழிகளையும் கையில் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். ஆனால் இந்த ஆண்டு என்னோடு படித்தவர்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: அன்பு மகளுக்கு, உங்கள் பயம் சரியான பயம், அதை அடக்க வேண்டாம். பட்டம் பெற்ற பலருக்கும் அரசுத் தேர்வுகளின் உச்ச வயது வரம்பு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது, சில பிரிவினருக்குக் கூடுதல் கல்வித் தகுதி இருந்தால் வரம்பு மேலும் தளர்கிறது. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. உங்களைப் போதும் என்று நிறுத்த வேண்டிய தேதி எந்த அறிவிக்கையிலும் அச்சிடப்படுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருப்பனந்தாள் அருகே ஒரு நண்பரின் வயலில் நாற்றுப் பறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுத் தண்ணீர் பிந்திய ஆண்டு அது. இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்ததில், மோட்டார் தண்ணீரில் விட்டிருந்த நாற்று ஐம்பது நாளைத் தாண்டிவிட்டது. தொலைவிலிருந்து பார்த்தால் நாற்றங்கால் கரும்பச்சையாக, அழகாகத்தான் இருந்தது. பறிக்கக் குனிந்த பெண்களின் கைக்கு அது எளிதில் வரவில்லை. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன; ஒரு முடிக்கு (கட்டுக்கு) வேண்டியதை இழுத்தால் மண்ணோடு இரண்டு முடிக்கு வேண்டியது பெயர்ந்து வந்தது. காலில் தட்டித் தட்டிச் சேற்றை அலசினார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு நாற்றை எடுத்து அடித்தண்டை நகத்தால் கிழித்துக் காட்டினார். உள்ளே கணு விட்டிருந்தது. "இதுக்குமேல இது தூர் கட்டாதுங்க, நேரா கதிருக்குப் போயிடும்" என்றார். நாற்றங்காலில் இருக்கிற நாற்றுக்கு எந்த வயலுக்கும் போகலாம் என்ற சுதந்திரம் இருப்பதுபோலத் தோன்றும். அங்கே கழிகிற ஒவ்வொரு நாளும், பின்னால் அது கட்டக்கூடிய தூரிலிருந்து, அதாவது அடியில் கிளைக்கும் புதுத் தண்டுகளிலிருந்து, கழிகிறது. குறுவை நாற்றுக்கு ஏறக்குறைய மூன்று வாரம், நெடுநாள் ரகத்துக்கு ஐந்தாறு வாரம் என்று கணக்கு வைத்திருப்பது அதற்காகத்தான். எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்த இந்த ஆண்டுகளும் ஒரு தேர்வுதான். அதற்குரிய விலையை நீங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அந்த நாற்றைக் குப்பையில் போட்டார்களா என்றால், இல்லை, நட்டார்கள். முற்றிய நாற்றை நடுவதற்கென்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை ஒன்று உண்டு. பயந்துபோய் ஒரு குத்துக்குப் பத்து நாற்றைச் சேர்த்து நடக் கூடாது. நட்டால் புதுத் தூர் வெடிக்க இடம் இருக்காது. குறுகிய கால ரகத்துக்குரிய நெருக்கத்தில் நட வேண்டும். அடியுரத் தழைச்சத்தைப் பாதியளவு கூட்டிக் கொடுக்க வேண்டும். நட்ட மூன்று வாரத்துக்குள் தாய்த்தண்டில் நோஞ்சானாக ஒரு கதிர் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்து மனம் தளரக் கூடாது, ஏனென்றால் விளைச்சல் வரப்போவது அதற்குப் பிறகு கிளைக்கும் தூர்களிலிருந்துதான். உங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரியவில்லை. ஐந்து தேர்வுகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதை நிறுத்துங்கள். பாடத்திட்டம் ஒத்துப்போகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருகிற வேலையை, அது கணக்கர் வேலையானாலும், ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் அந்த முதல் கதிரைப்போல மெலிந்துதான் இருக்கும். ஓராண்டில் அங்கிருந்து கிளைக்கிற அறிமுகங்களும் அனுபவமும் பழக்கமும்தான் உங்கள் தூர்கள். காலையில் இரண்டு மணி நேரம் படித்துத் தேர்வில் வென்றவர்களை நான் கற்பித்த காலத்தில் கண்டிருக்கிறேன். நாள் முழுவதும் படித்துச் சோர்ந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

திருமணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: தேர்வு முடிவை அதற்கு நிபந்தனையாக வைக்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அதற்கு ஒரு காரணத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு 45, எனக்கு 43. குழந்தை இல்லை. பத்தாண்டுகள் சிகிச்சையில் போயின. தத்தெடுக்கலாம் என்று நாங்கள் எண்ணியபோதெல்லாம் மாமியார் ஒப்பவில்லை. இப்போது அவரே "எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எங்கள் வயது தாண்டிவிட்டது, இனிக் கொடுக்க மாட்டார்கள் என்று உறவினர் சொல்கிறார்கள். உண்மையா?
– மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பதி

பதில்: முழுவதும் உண்மையில்லை. ஆனால் நாளை வீணாக்காமல் படியுங்கள். 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி தம்பதியின் வயதைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இருவரின் வயதையும் கூட்டிப் பார்க்கிறார்கள். 2 வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயது வரை 90, 4 முதல் 8 வயது வரை 100, அதற்குமேல் 18 வயது வரை 110. பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குழந்தைக்கும் இடையே குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். உங்கள் கூட்டு வயது இன்று 88. கைக்குழந்தைக்கான வாய்ப்பு கடந்துவிட்டது; அந்த வருத்தத்துக்கு என்னிடம் ஆறுதல் சொல் எதுவும் இல்லை. இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு இன்னும் தகுதி இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஆண்டு போனால் இரண்டு வயது கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு 90, அதற்கடுத்த ஆண்டு 92.

வயது கணக்கிடப்படுவது பதிவு செய்யும் நாளை வைத்து. ஆகவே ஜாதகம் பார்த்து, வீட்டுக்கு வெள்ளையடித்து, பிறகு பதிவு செய்வோம் என்று இருக்க வேண்டாம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கணினி பழக்கமில்லையென்றால் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வழி சொல்வார்கள். அதன்பின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து உங்களைப் பற்றி அறிக்கை எழுதுவார். குழந்தை கைக்கு வரக் காத்திருக்க நேரிடும். அந்தக் காத்திருப்பைத் தாங்காமல், மருத்துவமனையில் ஒரு குழந்தை இருக்கிறது, நேராக வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது வந்தால் உடன்படாதீர்கள். சிறார் நீதிச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம்.

மூன்று வயதுக் குழந்தை ஒட்டாது என்று உங்கள் உறவினர்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார். எங்கள் தெருவில் அந்த வயதில் வந்த ஒரு பெண் குழந்தை, முதல் ஒரு மாதம் சோற்றை மென்று விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கி வைத்திருப்பாள். அடுத்த வேளை கிடைக்குமோ என்ற பயம். அவளுடைய தாயார் ஒவ்வொரு வேளையும் சட்டியைத் திறந்து மீதிச் சோற்றைக் காட்டுவார். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். சமையலறையில் அவள் கையை யாரும் தடுக்க முடியாது. மாமியார் மனம் மாறியிருக்கிறார் என்பதையும் சிறிதாக எண்ணாதீர்கள். பத்தாண்டுகளுக்கு முன்பு எடுத்து வந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இந்த வீட்டில் பாட்டி இருந்திருக்க மாட்டார்.

கேள்வி: எனக்கு 67 வயது. கணவர் காலமாகிவிட்டார். மயிலாடுதுறையில் உள்ள வீடு என் பெயரில் இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் சிறிது வருகிறது. இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்த மகன் தொழிலுக்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும் என்று, வீட்டைத் தன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதித் தரச் சொல்கிறான். நல்ல பிள்ளைதான். ஆவணியில் நாள் குறித்திருக்கிறார்கள். என் மனம் ஏனோ ஒப்பவில்லை. பிள்ளையைச் சந்தேகப்படுகிறேனே என்று குற்ற உணர்வாகவும் இருக்கிறது.
– பெயர், முகவரி வேண்டாம்

பதில்: அம்மா, உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் பிள்ளைமேல் சந்தேகம் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு நீங்கள் எடுப்பதற்கு முடிவு என்று எதுவும் இருக்காது என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. இளம் வயதில் தவறாகப் போன முடிவைச் சரிசெய்ய உழைப்பும் நாளும் இருக்கும். 67 வயதில் வீடு போனால் இன்னொரு வீடு கட்ட முடியாது. ஆகவே வயது ஏற ஏற, திரும்பப் பெற முடியாத முடிவுகளை மட்டுமாவது மெதுவாக எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். உயிலை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது. செட்டில்மெண்ட் பதிவாகி ஏற்கப்பட்டவுடன் வீடு அவருடையது. பிறகு மனம் மாறினாலும் நீங்களாகத் தனியே ரத்து செய்ய முடியாது. மகன் நல்லவராகவே இருந்தாலும் தொழில் நொடித்தால் வங்கி ஏலம் விடும். மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும், தாய் என்ற முறையில் உங்களுக்கு ஒரு பங்குதான் வரும். மற்ற இரண்டு பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கு வந்துபோவதும் குறையலாம். இவற்றில் எதற்கும் ஒருவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்த மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்க வழி செய்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் பத்திரத்தில் நிபந்தனை எழுதப்படாமல் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும் இருந்தால், வழக்கு நீண்டுபோகும். வழக்கு நடத்துகிற வயதும் உடம்பும் உங்களுக்கு இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

மகனைத் தனியே உட்காரவைத்து, எவ்வளவு கடன், எந்த வங்கி, எத்தனை ஆண்டுத் தவணை என்று கேளுங்கள். கேட்பது தாயின் கடமை. அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறவர் தொழிலைக் கவனமாகத் திட்டமிட்டிருக்க மாட்டார். மற்ற இருவரையும் அழைத்து அவர்கள் முன்னிலையில் பேசுங்கள். கணவர் விட்டுச் சென்ற வைப்புத்தொகை இருந்தால், இழந்தாலும் நீங்கள் தாங்கக்கூடிய ஒரு தொகையை உதவியாகக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகும் எழுதித்தான் தருவேன் என்று நீங்கள் தீர்மானித்தால், மகன் ஏற்பாடு செய்த பத்திர எழுத்தர் வேண்டாம். நீங்களே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். உங்கள் ஆயுள்காலம் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உரிமை உண்டு என்ற வரியும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள். அந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஆவணியில் குறித்த நாளைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஐப்பசியிலும் முகூர்த்தம் இருக்கிறது.